பால் இறங்கும் நேரம்

ஜொகூரில், லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் வருகிற ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டுவதில் காளியம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவள் புருஷன் சொல்லியிருந்தால் தள்ளிவிடலாம். சொன்னவர், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சின்னத்தம்பி. அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவரே சொன்னார், இந்தப் பெண் மரத்துக்கு வலிக்காமல் வெட்டுகிறாள் என்று.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி கப்பலில் வந்து இறங்கியவள் அவள். நடக்கப் பழகியதும் தோட்டத்தில், பேசப் பழகியதும் தோட்டத்தில். பள்ளிக்கூடம் இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே அம்மாவுக்குப் பின்னால் வாளி தூக்கப் போய்விட்டாள். ஆனால் தன் பங்குக்கு விடப்பட்ட மர வரிசையை, தோட்டத்தார் பேச்சில் தன் நிரையை, அவள் முகம் முகமாக அறிவாள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பது கூனன். கத்தி பட்டதும் பால் கிண்ணம் நிறையக் கொடுப்பது மகராசி. எவ்வளவு கெஞ்சினாலும் நாலு சொட்டுக்கு மேல் விடாதது கஞ்சப்பயல். ஓடைக்கரையில் எந்நேரமும் ஈரத்தோடு நிற்பது அழுமூஞ்சி. இவற்றோடு அவள் பேசுவாள், திட்டுவாள், சில நாள் கோபித்துக்கொள்ளவும் செய்வாள்.

அய்யாவு அவளுக்கு அத்தை மகன். அப்பன் காய்ச்சலில் போன பிறகு, ஜொகூர் பாருவில் ரயில்வே வேலை பார்த்த சித்தப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்துவிட்டார். பையன் நன்றாகவே படித்தான். கணக்கும் பூகோளமும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கடைசிப் பெரிய பரீட்சையில் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. திரும்பி வந்து தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்தான். கிராணி என்றால் தோட்டத்தில் என்ன மரியாதை என்று சொல்லவா வேண்டும்? காலுக்குச் சப்பாத்து, தலைக்குத் தொப்பி, தனி வீடு. வேறு கிராணி வீட்டுப் பெண்ணைக் கட்டுவான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, அவன் நேராக மாமன் வீட்டுக்கு வந்து காளியம்மாவைக் கேட்டான். கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் மொத்தமும் மூக்கில் விரல் வைத்தது. காளியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பால் வெட்டுவதை அவள் விடவில்லை. கிராணி பொண்டாட்டி வாளி தூக்கலாமா என்று பெரிய கிராணி ஐயாசாமி முகம் சுளித்தார். என் மரத்தை வேறு யார் கையில் விடுவது என்று இவள் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் ஒரு கல்லூரி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவர்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. தனியாக ஒரு பரீட்சை. காலையில் சொற்களைக் கொடுத்துப் பொருள் கேட்பார்கள். மத்தியானம் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். தேறினால் மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் படித்து இங்கிலீஷ் பள்ளி வாத்தியாராகலாம். ஜொகூர்க்காரர்களுக்காக ஜொகூர் பாருவிலேயே ஒரு பள்ளியில் பரீட்சை வைத்தார்கள். ஒருவருக்கு இரண்டு தடவைதான் வாய்ப்பு, அதற்கு மேல் அந்த வாசற்படியை மிதிக்க முடியாது.

அய்யாவு ஒரு தடித்த அகராதியை வாங்கி வந்து, மாலை விளக்கு ஏற்றியதும் உட்கார்ந்துவிடுவான். படிக்கிறபோது எல்லாம் மண்டையில் ஏறும், விடிந்தால் ஒன்றும் இருக்காது. பேய் முழி முழித்துக்கொண்டு நிற்பான். காளியம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், அவன் காலையில் ஆள் கணக்குப் பார்க்க நிரைக்கு வந்தபோது, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இம்புட்டு மரத்துக்கும் எனக்கு மூஞ்சி தெரியுது மாமா. நீங்க படிக்கிற சொல்லுக்கு மூஞ்சியே இல்லையே, அப்பறம் எப்படி நெனப்பு வரும்?"

விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் பிடித்துக்கொண்டான். மகராசிக்கு ஜெனரஸ் என்று பெயர் வைத்தான், தாராளமாகக் கொடுப்பவள். கஞ்சப்பயல் ரிலக்டன்ட் ஆனான்; மனசில்லாமல் செய்பவன். அழுமூஞ்சிக்கு, தீராத சோகம் என்று பொருள்படும் மெலன்கலி என்ற சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இப்படி மரத்துக்கு ஒரு சொல்லாக நிரை முழுவதும் தொங்கவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் காளியம்மா பரீட்சை வைப்பாள். அவள் மரத்தின் பெயரைச் சொல்வாள், அவன் இங்கிலீஷ் சொல்லையும் பொருளையும் சொல்ல வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் நேற்றுச் சொன்ன ஓசைக்கும் இன்றைக்குச் சொல்கிற ஓசைக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். போலீஸ்காரனிடம்கூடத் தப்பிக்கலாம், இவளிடம் தப்பிக்க முடியாது என்பான் அய்யாவு.

முதல் பரீட்சைக்குப் போய்விட்டுத் திரும்பியவன் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ருக்னுதீன் பாய்தான் ஆள் அனுப்பினார், உங்கள் வீட்டுக்காரர் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று. காளியம்மா ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. சோறு போட்டாள். பாதிச் சோற்றில் அவனாகவே சொன்னான். காலையில் கேட்ட சொல் எல்லாவற்றுக்கும் பொருள் எழுதிவிட்டானாம். மத்தியானம் ஒரு பக்கம் கொடுத்தார்களாம். யாரோ ஒரு விவசாயி, ஏதோ ஒரு பாலம். ஒரு சொல்கூடத் தெரியாத சொல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது எந்த மரம் என்று பார்த்துப் பார்த்துக் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த விவசாயி பாலத்தைக் கட்டச் சொன்னானா, வேண்டாம் என்றானா என்றே தெரியவில்லை. பரீட்சை வைத்த வெள்ளைக்காரப் பெரியவர், தம்பிக்குச் சொல் எல்லாம் தெரிகிறது, வாசிக்கத்தான் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மரத்தில் சொல்லைக் கட்டச் சொன்னது காளியம்மாதானே? நல்லது செய்கிறோம் என்று நினைத்து மனுஷனைக் கெடுத்துவிட்டோமே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆபீசில் ஐயாசாமி, படிப்பெல்லாம் பரம்பரையில் வர வேண்டும் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அவர் பரம்பரையில் யார் என்ன படித்தார்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கொஞ்ச நாள் அய்யாவு அகராதியைத் திறக்கவேயில்லை. ஒரு காலையில் காளியம்மா வெட்டிக்கொண்டிருக்க, பின்னாலேயே வந்தவன், வெட்டிய மரத்துக் கிண்ணத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். மனசு சரியில்லாதவன் கை ஏதாவது செய்துகொண்டிருக்குமே, அப்படி. அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இப்பத்தானே வெட்டியிருக்கேன், அதுக்குள்ள எட்டிப் பாத்தா என்ன இருக்கும்? நிரை முச்சூடும் வெட்டி முடிச்சு, உக்காந்து சோறு தின்னு, அதுக்கப்பறம் வாளியத் தூக்குனாத்தான் பாலு. தோட்டத்துலயே பொறந்தவரு, இது தெரியாதா?"

அய்யாவு அப்படியே நின்றுவிட்டான். திட்டிவிட்டோமே என்று அவள் பயந்து திரும்பிப் பார்த்தால், ஆள் முகத்தில் சிரிப்பு. இத்தனை நாள் நான் வெட்டின மரத்திலேயே வாளியோடு நின்றிருக்கிறேன் காளி என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் சுற்றில் பால் எடுக்கும்போது விளக்கிச் சொன்னான். வாசிக்கிறபோது முதல் சுற்றில் எங்கேயும் நின்று எதையும் தேடக்கூடாது. கடைசி வரை போய்விட வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். பொருள் தானாக இறங்கும். அப்புறம் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டுமே! துரை பங்களாவில் படித்துத் தூக்கிப்போட்ட இங்கிலீஷ் பேப்பர்களைச் சமையல்காரர் மூலமாக வாங்கி வருவான். ஒரு சேதியை ஒரே மூச்சில் வாசிப்பான். கவிழ்த்து வைப்பான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காளியம்மா பக்கத்தில் பூனை மாதிரி சத்தமில்லாமல் காத்திருப்பாள். பிறகு அவன் அந்தச் சேதியைத் தமிழில் சொல்ல வேண்டும், அவள் கேள்வி கேட்பாள். கப்பல் முட்டியது சரி, தப்பு எந்தக் கப்பல் மேல்? குதிரையைத் திருடியவன் ஏன் மறுநாளே கொண்டுவந்து விட்டான்? தெரியவில்லை என்று அவன் சொன்னால், அப்ப பாலு கொட்டிப்போச்சு, மறுபடி வெட்டுங்க என்பாள். கோலாலம்பூரில் ஒரு விதவையின் சொத்து வழக்கு பல வாரம் பேப்பரில் ஓடியது. அதைக் கேட்க லயத்துப் பெண்கள் எல்லாம் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற இடத்தில்கூட, அந்தப் பொம்பளைக்கு வீடு கிடைச்சுதா இல்லையா என்பதுதான் பேச்சு.

இதில் ஒரு முள்ளும் இருந்தது. அடுத்த வீட்டு அங்கம்மா நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவிட்டாள்: "நீயே படிக்க வச்சு அனுப்புற. மூணு வருசம் தொரைமாருங்களோட பொழங்கிட்டு வந்தா, நாலு பேரு முன்னால ஒன்னையப் பொண்டாட்டின்னு சொல்லிக்குவாரா?" காளியம்மா, சொல்லாவிட்டால் போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அன்றைக்கிலிருந்து அவள் மாரியம்மனிடம் வைத்த வேண்டுதல் ஒரு நேர்க்கோட்டில் நிற்கவில்லை. இவர் தேற வேண்டும் என்று கும்பிடுவாள். கற்பூரம் அணைவதற்குள், தேறினால் என்னை விட்டுப் போய்விடுவாரே என்று இருக்கும். பாவம், அம்மன்தான் எதைக் கேட்பாள்?

மறு வருஷம் பரீட்சைக்கு நானும் வருகிறேன் என்றாள் காளியம்மா. அய்யாவு ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றான். அந்த ஒரு கணம் அவளைக் குத்தியது. ரயிலில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். முதல் நாளே போய், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு, காலையில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். இருந்தும் அங்கே வந்திருந்த பெற்றோர்களின் சட்டையையும் கோட்டையும் பார்த்ததும், புருஷனிடம்கூடச் சொல்லாமல் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அங்கிருந்து ஜன்னல் வழியாக அவன் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது.

காலைப் பரீட்சை நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் தாளைக் கொடுத்தார்கள். அய்யாவு வாசித்தான். வாசித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தான், பேனாவையும் வைத்தான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் எல்லாரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவன் ஒருத்தன் மட்டும் கோயில் சிலை மாதிரி. காளியம்மாவுக்குப் பக்கத்தில், மகனை அழைத்து வந்திருந்த யோங் பெங் ஊர் மளிகைக் கடைக்காரர் தங்கராஜு நின்றிருந்தார். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ, கைவிட்டுவிட்டது என்று உச்சுக்கொட்டினார். எங்க வீட்டுக்காரருதாங்க, பாலு இறங்கட்டும்னு உக்காந்திருக்காரு என்றாள் இவள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெதுவாக நகர்ந்து அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உயிர் இல்லை. பால் இறங்கிக்கொண்டிருக்கும்போது மழை வந்துவிட்டால் அன்றைய பாடு அத்தனையும் தண்ணீர்தான். இங்கே மணி அடித்தால் அதே கதிதான். கும்பிடலாம் என்றால் ஒரு தோத்திரமும் வாயில் வரவில்லை. வாய்க்கு வந்தது நிரைதான். கூனன், மகராசி, கஞ்சப்பயல், அழுமூஞ்சி என்று வரிசை தப்பாமல், ஜன்னலைப் பார்த்தபடி, உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். நிரையின் பாதிக்கு மேல் போயிருப்பாள், அய்யாவு பேனாவை எடுத்தான். எடுத்தவன் பிறகு நிமிரவேயில்லை.

இதை உள்ளே காவல் நின்ற வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், ஜன்னலுக்கு வெளியே உதட்டை அசைக்கிற ஒரு பெண், உடனே அவன் எழுத ஆரம்பிக்கிறான். அவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? மணி அடித்ததும் நேராகப் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் அந்த வெள்ளைக்காரப் பெரியவர் தாழ்வாரத்துக்கே வந்தார். பின்னால் அய்யாவு, முகத்தில் ஈ ஆடவில்லை. பள்ளிக்கூடப் ப்யூன் சுப்ஹான் பாய் தூணுக்குப் பின்னால் இருந்தவளை முன்னால் வரச் சொன்னார். அங்கே நின்ற அத்தனை கோட்டும் சட்டையும் இவளைத்தான் பார்த்தன.

பெரியவர் அய்யாவுவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். காளியம்மாவுக்குக் கேள்வி புரியாமலே புரிந்தது. விரல் அவளைக் காட்டிக்கொண்டிருந்ததே. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான். சொல்லிவிடட்டும், மாரியம்மா, சொல்லிவிட்டாவது தேறட்டும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கேள்வி முடிவதற்கும் அவன் பதிலுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடம் இல்லை. அவள் சுப்ஹான் பாயைப் பார்த்தாள்.

"நீங்க யாருன்னு தொரை கேட்டாரும்மா. எம் பொஞ்சாதின்னு சொல்றாரு," என்றார் அவர்.

பிறகு பெரியவர், புருஷனை வாயைத் திறக்கக் கூடாது என்று நிறுத்திவைத்துவிட்டு, சுப்ஹான் பாய் மூலமாக அவளையே கேட்டார், ஜன்னலைப் பார்த்து என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று. மரத்துப் பெயர் என்றாள். எந்த மரம் என்றார். என் நிரை மரம் என்று, முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தே காட்டினாள். சுப்ஹான் பாய்க்குக் கஞ்சப்பயலை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று திண்டாட்டம். சரி, உன் புருஷன் ஏன் எழுதாமல் உட்கார்ந்திருந்தான் என்று கேட்டார். வெட்டினதும் பால் இறங்கக் காத்திருக்க வேண்டும், அதற்காக உட்கார்ந்திருந்தார் என்று அவள் சொன்னதும், பெரியவர் புருவத்தை உயர்த்தினார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார், கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"அது மரத்துக்கு மரம் வேறங்க," என்றாள் காளியம்மா. "சிலது வெட்டுன ஒடனே ஊத்தும், சட்டுனு நின்னுரும். சிலது மெதுவாத்தான் விடும், ஆனா நிக்காது. இவரு ரெண்டாவது சாதிங்க."

சுப்ஹான் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சொல்லி முடித்தார். பெரியவர் விடைத்தாளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று அய்யாவுவை அங்கேயே நின்று சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். ஒரு மலைக்கிராமத்தில் கிணறு தோண்டப் போன கதையாம் அது. யார் தடுத்தார்கள், ஏன் தடுத்தார்கள், கடைசியில் யார் மனம் மாறியது என்று, எழுதியவன் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் சொன்னான். குறுக்கே கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். காவல் வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் அவர் காதில் ஏதோ சொன்னார், அய்யாவுவின் கையைப் பிடித்துக் குலுக்கி அவனிடமும் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார், காளியம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

உங்ககிட்ட அவர் என்ன சொன்னார் என்று காளியம்மா கேட்டாள். அடுத்த பருவத்துக்குப் பெட்டியோடு வந்து சேரச் சொல்லிவிட்டார் என்றான் அய்யாவு. அவள் அந்த இடத்திலேயே, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போக வேண்டாம் என்றால் சொல்லு புள்ள, நான் கிராணியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றான்.

காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க மாமா. யாருன்னு கேட்டப்ப நீங்க யோசிக்காம சொன்னீங்கல்ல, மூணு வருசத்துக்கு எனக்கு அது போதும்."